வடகரை, சி-17

1. கதவோரம்

அன்று ஐந்தாவது அமர்வு. இடம், தென்கரை சத்துணவுக் கூடம். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. கூடத்தைப் பெருக்கிப் பாய் விரித்திருந்தார்கள். மாலை நாலரை மணி. பதினொரு பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். தூக்கம் பிடிக்காத நாட்களில் என்ன செய்யலாம் என்பது அன்றைய பாடம். நான் படத்தாளைத் திருப்பிப் பேசிக்கொண்டிருந்தேன்.

கதவோரம் நிழல் விழுந்தது. வடகரை மலர்க்கொடி நின்றார். நடவிலிருந்து நேராக வந்திருந்தார். புடவைக்கு மேல் போட்டிருந்த முழுக்கைச் சட்டையில் முழங்கை வரை ஈரச் சேறு.

"நர்சம்மா, நானும் ஓரமா உக்காந்துக்கட்டுமா? ஒண்ணும் பேச மாட்டேன்."

உள்ளே இருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டார். "வா மலரு, இங்க வா."

நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"மலர்க்கொடி, இது தென்கரைக்காரங்களுக்கு மட்டும். உங்க கரைக்கு நான் தனியா வருவேன்."

"எப்ப வருவீங்க?"

"அறுவடை முடிஞ்சதும்."

"தை மாசமா?" அப்போது புரட்டாசி.

"ஆமா."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். "சேத்துக்காலோட வந்துட்டேன்னு சொல்றீங்களோ? கழுவிட்டு வந்துடறேனே."

"அதுக்கில்ல. அது வேற."

"சரிங்க நர்சம்மா."

வாய்க்கால் மேல் போட்டிருக்கும் சிமென்ட் பலகையைத் தாண்டி அவர் வடகரைக்குப் போவதை நான் பார்த்தேன். கூடத்திலிருந்து நாற்பது அடி இருக்கும். பிறகு உள்ளே வந்து விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன். அன்றைய பதிவேட்டில், "வருகை 11, இடையூறு ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மனநலச் செவிலியர் துறையில் பிஎச்.டி. பதிவு செய்ய வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது டாபிக் எப்படித் தேர்ந்தெடுப்பது, கைடு எப்படிக் கிடைப்பார் என்பதைத்தான். நான் அவர்களுக்கு இந்தக் கதவைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2. மேப்பில் நீலக்கோடு

நான் மனநல வார்டில் ஒன்பது ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அங்கே ஒரே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சேர்ப்பார்கள், தேறுவார், மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். எட்டு மாதத்தில் அதே பெண் அதே கட்டிலுக்கு வருவார். இடையில் அவரை யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். டாக்டருக்கு நேரம் கிடையாது. நர்ஸுக்கு நேரம் உண்டு, அதிகாரம் கிடையாது.

சில நாடுகளில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஒரு பதவி இருக்கிறது. அந்த நர்ஸே நோயாளியைப் பார்க்கலாம், மருந்து எழுதலாம், தொடர்ந்து கவனிக்கலாம். நம் ஊரில் அந்த நாற்காலி இன்னும் போடப்படவில்லை. போட வேண்டும் என்று சொல்வதற்குச் சான்று வேண்டும். நர்ஸ் வீடு தேடிப் போனால் மனச்சோர்வு குறைகிறது என்று எண்களில் காட்ட வேண்டும். எம்.எஸ்சி. முடித்து நர்சிங் கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்த பிறகு, நாற்பத்தோரு வயதில், பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். நோக்கம் நல்லதுதான். இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆய்வின் அமைப்பு எளிது. விவசாயக் கூலிப் பெண்களில் மனச்சோர்வு உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு நான் எட்டு வாரம் போவேன். கூட்டமாக ஒரு அமர்வு, வீட்டில் ஒரு சந்திப்பு. இன்னொரு குழுவுக்குப் போக மாட்டேன். அதற்குப் பெயர் கன்ட்ரோல் குரூப். முதலிலும் கடைசியிலும் கேள்வித்தாளை மட்டும் நிரப்பிக்கொள்வேன். போன குழுவில் ஸ்கோர் குறைந்து, போகாத குழுவில் அப்படியே இருந்தால், நர்ஸ் போனதால்தான் குறைந்தது என்று நிரூபணமாகும். நான் போவது பலன் தருகிறது என்று காட்ட, சிலரிடம் நான் போகாமல் இருக்க வேண்டும். எல்லா மருத்துவ ஆய்விலும் இப்படித்தான். எத்திக்ஸ் கமிட்டியும் அனுமதி தந்தது.

இரண்டு குழுவும் கலந்துவிடக் கூடாது. ஒரு குழுவுக்குச் சொன்னது இன்னொரு குழுவின் காதுக்குப் போனால் அதற்கு கன்டாமினேஷன் என்று பெயர். அதனால் நடுவில் எல்லை வேண்டும். திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு பாசன வாய்க்காலை மேப்பில் கண்டேன். நேரான நீலக்கோடு. தெற்கே ஒரு பஞ்சாயத்து, வடக்கே ஒரு பஞ்சாயத்து. தென்கரை நான் போகும் எக்ஸ்பெரிமென்டல் குழு, வடகரை கன்ட்ரோல். எனக்கு சனிக்கிழமை மட்டும்தான் விடுமுறை போல ஒழியும். ஒரே பஸ்ஸில் போய் இரண்டு வேலையையும் முடிக்கலாம்.

அந்தப் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியர் சகாயமேரி அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவருடைய ஸ்கூட்டி நுழையாத தெரு அங்கே கிடையாது. மேப்பைக் காட்டியதும் சிரித்தார்.

"ஜெசி, இந்த வாய்க்கா ரெண்டு ஊரைப் பிரிக்குதுன்னு உனக்கு யார் சொன்னா?"

"பஞ்சாயத்து ரெண்டுதானேக்கா."

"பஞ்சாயத்து ரெண்டுதான். ரேஷன் கடை ஒண்ணு. சுடுகாடு ஒண்ணு. நடவுக்கு ஆள் கூட்டிட்டுப் போற அஞ்சலையும் ஒருத்திதான். அவ கூட்டத்துல பாதி இந்தக் கரை, பாதி அந்தக் கரை."

"ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க வேணாம்னு முதல்லயே சொல்லிடலாம்க்கா."

"நடவுல வாயை மூடிக்கிட்டு நிக்கிறவளை நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. என் அம்மா இருபது ஆண்டுகள் நடவு நட்டவர். நான் நர்சிங் படித்ததே கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இலவசமாகத் தங்கித்தான். விடுமுறை நாட்களில் நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். நடவு வரிசை எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் ஒன்றாகக் குனிந்து, ஒன்றாகப் பின்னால் நகர்வார்கள். ஒருத்திக்குக் கை ஓடவில்லை என்றால் இடப்பக்கத்தில் இருப்பவர் அவள் பங்கில் இரண்டு குத்து நாற்று, வலப்பக்கத்தில் இருப்பவர் இரண்டு குத்து சேர்த்து நட்டுவிடுவார்கள். வரிசை வளையாது. வரப்பில் நிற்கும் நிலக்காரருக்குத் தெரியவே தெரியாது. பிள்ளை பெற்ற பெண்ணையும் காய்ச்சல்காரியையும் வரிசை அப்படித்தான் வாரக்கணக்கில் தாங்கும்.

அந்த வரிசையை நடுவில் வெட்டி, பாதிப் பேரை ஒரு பெட்டியிலும் பாதிப் பேரை இன்னொரு பெட்டியிலும் போட்டேன். வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளர் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் எனலாம். நான் தெரிந்து செய்தேன். வேறு தாலுகாவில் வேறொரு கூட்டத்தை எடுத்திருக்கலாம். அலைச்சல் அதிகம் என்று விட்டுவிட்டேன்.

3. முதல் கேள்வித்தாள்

மலர்க்கொடியின் வீடு வாய்க்காலிலிருந்து முப்பது தப்படி வடக்கே. ஆவணியில் முதல்முறை போனேன். தொகுப்பு வீடு, ஒரு அறை. கதவுக்குப் பின்னால் ஆணியில் நடவுச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பூப்போட்ட வெள்ளைச் சட்டை, கணவருடையது. சட்டைக் கையில் சேற்றுக்கறை.

வயது முப்பத்தாறு. கணவர் திருப்பூரில். பொங்கலுக்கு வருவார், வராமலும் இருப்பார். மகள் சுகன்யா பிளஸ் டூ. மலர்க்கொடிக்கு ஆறு மாதமாகத் தூக்கம் இல்லை, பசி இல்லை. "குனிஞ்சா நிமிர முடியல, நிமிந்தா குனிய முடியல. உடம்புல ஒரு நோவும் இல்ல நர்சம்மா. ஆனா எதுவும் ஓடல" என்றார்.

வரிசையாகக் கேட்டேன். கடைசிக்கு முந்தைய கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது.

"அதுக்கும் ஒரு தெம்பு வேணுமில்ல?" என்று சொல்லிச் சிரித்தார். அடுப்படியில் இருந்த சுகன்யா திரும்பிப் பார்த்தாள்.

கூட்டிப் பார்த்தேன். பத்தொன்பது. அந்தக் கேள்வித்தாளின்படி அது தீவிரம் என்ற நிலைக்குப் பக்கம். வடகரையில் அதுதான் அதிகம். அவருக்கு சி-17 என்று எண் கொடுத்தேன். சி என்றால் கன்ட்ரோல்.

கன்ட்ரோல் குழுவில் ஸ்கோர் அதிகமாக இருப்பவரை அப்படியே விடக் கூடாது. பரிந்துரைச் சீட்டு கொடுத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், கிராமச் செவிலியருக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டையும் செய்தேன். தாலுகா ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார் என்று சீட்டில் எழுதினேன். என் கல்லூரி நோட்டீஸ் போர்டில் இருந்த பட்டியலைப் பார்த்து எழுதியது. அது பழைய பட்டியல். கிழமை வியாழனாக மாறியிருந்தது. ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "நீங்க வருவீங்கல்ல? தென்கரைக்கு வாராவாரம் வருவீங்களாமே. அஞ்சலையக்கா சொன்னாங்க."

"அப்புறமா வருவேன்" என்றேன்.

4. எழுதாத வரி

கதவைச் சாத்திய சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, பஸ் நிறுத்தத்தில் அஞ்சலை என்னைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயது. நடவுக்கு எத்தனை ஆள் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் திரட்டுவார்.

"நர்சம்மா, வயல்ல நாங்க ஒரே வரிசை. உங்க நோட்டுல மட்டும் எப்படி ரெண்டு வரிசையானோம்?"

"இது படிப்புக்காக அஞ்சலை. ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாக்கணும்."

"பாத்துக்குங்க. ஆனா நீங்க சொல்லிக்குடுத்த மூச்சுப் பயிற்சியை மலருக்கு நாங்க வயல்லயே சொல்லிக் குடுத்துட்டோம். அதையும் எழுதிக்கப் போறீங்களா?"

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

"வெளையாட்டில்ல நர்சம்மா. அவளுக்கு ரெண்டு பக்கத்துலயும் நாங்கதான் நட்டுக் குடுக்கறோம். இந்த வருசம் மிசின் நடவு வந்துடுச்சு. முப்பது பேர் போன எடத்துக்குப் பத்துப் பேர் போதுங்கறாங்க. பத்துப் பேர்ல கை ஓடாதவளை நான் எப்படி நிறுத்துவேன்? அவ வூட்டுல உக்காந்துட்டான்னா அவ்ளோதான். யாரும் போய்க் கதவைத் தட்ட மாட்டாங்க. நீங்க ஒருக்கா அவகிட்ட உக்காந்து பேசுங்க."

நிலைமை இதுதான். அதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் எனக்கு எழுதித் தந்திருக்க முடியாது. வரிசையை விட்டு விழும் முன் மலர்க்கொடியை யாராவது பிடிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் திருச்சியில் இருந்த என் கைடுக்கு போன் செய்தேன். கண்டிப்பானவர், நியாயமானவர்.

"ஸ்லிப் குடுத்துட்டியா ஜெசிந்தா?"

"குடுத்துட்டேன் மேடம்."

"கிராம நர்ஸுக்கு இன்ஃபார்ம் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"அப்ப நம்ம கடமை முடிஞ்சுதும்மா. நீ போய் உக்காந்தா அது கன்டாமினேஷன். இல்ல, அந்தம்மாவை டிராப்-அவுட்னு காமிச்சு ஆய்வுலேர்ந்து எடுத்துடு. அப்புறம் நீ நர்ஸா போ, என்ன வேணா செய். உன் இஷ்டம். ஆனா உன்கிட்ட மினிமம் சாம்பிள் இருக்கான்னு பாத்துக்கோ."

பார்த்தேன். வடகரையில் ஏற்கெனவே இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இன்னும் ஒருவர் குறைந்தால் தேவையான எண்ணிக்கைக்கு ஒன்று கீழே போய்விடும். அடுத்த நடவுப் பருவத்துக்குக் காத்திருந்து வேறொருவரைச் சேர்க்க வேண்டும். ஒரு வருடம். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பதவி அந்த வருடம்தான் காலியாக இருந்தது.

ஆக, மேடம் எனக்கு வழியை அடைக்கவில்லை. "சி-17, டிராப்-அவுட், சிகிச்சைக்காக விலக்கப்பட்டார்" என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் போதும். பேனா கையில்தான் இருந்தது. எழுதவில்லை. தை வரைக்கும்தானே என்று எண்ணிக்கொண்டேன்.

5. பூஜ்யம்

தை மாதம் இரண்டாவது வாரம் போஸ்ட்-டெஸ்ட், அதாவது கடைசிக் கேள்வித்தாள். வடகரையில் வீடு வீடாகப் போனோம். வழி காட்ட சகாயமேரி அக்கா கூட வந்தார். ஒவ்வொரு வீட்டிலும், "இதுதான் சிஸ்டரோட கடைசிப் பரீட்சை. நல்லபடியா பதில் சொல்லுங்க" என்றார். பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதும் மாதம் நெருங்கியதால், எல்லோரும் அதே மரியாதையோடு எனக்கும் பாய் போட்டார்கள். நான் தடுக்கவில்லை.

மலர்க்கொடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டில் முன்பு இல்லாதது. மெலிந்திருந்தார். தலை வாரியிருந்தது. பின்னல் இறுக்கமாக, பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் பின்னியதுபோல இருந்தது. சுகன்யா பின்னிவிட்டிருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஆணியில் நடவுச் சட்டை தொங்கியது. வெள்ளையாக இருந்தது. கையில் கறையில்லை. மடிப்பில் தூசி படிந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

தலைமாட்டிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ரேஷன் கார்டு, ஆதார், நடுவில் நான் கொடுத்த சீட்டு. நான்காக மடித்து, மடிப்பு கிழியாமல்.

"போனேன் நர்சம்மா. டாக்டர் இன்னைக்கு இல்லன்னாங்க. நடவு நாள்ல இன்னொரு நாள் போக முடியல."

கேள்விகளைத் தொடங்கினேன். தூக்கம் வருகிறதா, பசி இருக்கிறதா, சோர்வு உண்டா.

"தூக்கத்துல கஷ்டம் இருக்கா?"

"இல்ல."

"எதுலயும் விருப்பம் இல்லாம இருக்கா?"

"இல்ல."

எல்லாவற்றுக்கும் அதே பதில். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சுகன்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மலர்க்கொடி அவள் கையை அழுத்தினார். அதையும் பார்த்தேன்.

ஒன்பது ஆண்டுகள் வார்டில் இருந்தவளுக்குக் கேள்வித்தாள் தேவையில்லை. எதிரில் இருப்பவர் நோயின் அடியாழத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது. ஆனால் நான் அன்று வார்டு நர்ஸாகப் போகவில்லை. கேள்வித்தாளில் பதில் சொல்பவர் என்ன சொல்கிறாரோ அதைத்தான் வட்டமிட வேண்டும். அது விதி. வட்டமிட்டேன். கூட்டினால் பூஜ்யம். புதிய சீட்டு ஒன்று எழுதி, இந்தமுறை வியாழன் என்று போட்டு, அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அறுவடைக்குப் பிறகு வடகரைக்கு அமர்வு நடத்துவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எட்டு வாரத்தை ஒரு மாலையாகச் சுருக்கி, அச்சடித்த கையேடு கொடுத்து முடித்தேன். ஆய்வேடு எழுதும் அவசரம். மலர்க்கொடி அந்த மாலை வரவில்லை. கையேட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

6. வைவா

ஆய்வேடு ஏற்கப்பட்டு வைவா என்னும் வாய்மொழித் தேர்வு நடந்தபோது மேலும் ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. பிஎச்.டி. வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். மாணவிகள், சக ஆசிரியர்கள், என் கணவர், பின்வரிசையில் யூனிஃபார்மோடு சகாயமேரி அக்கா. மடியில் எனக்குப் போர்த்த ஒரு சால்வை வைத்திருந்தார்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நிதானமானவர். ஆய்வேட்டின் கடைசியில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரியாக ஸ்கோர் கொடுத்திருக்கும் பட்டியலை யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொல்வார்கள். அவர் படித்திருந்தார்.

"மேடம், உங்க கன்ட்ரோல் குரூப்ல எல்லாரும் கிட்டத்தட்ட அப்படியே இருக்காங்க. இந்த சி-17 மட்டும் பத்தொன்பதுலேர்ந்து சைபர். நீங்க போகாமலேயே குணமாயிட்டாங்களா?"

அரங்கில் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

"நடவுக் கூட்டத்துல இருக்கிற சமூக ஆதரவு காரணமா இருக்கலாம் சார்."

"நல்ல அப்சர்வேஷன். இதையே தனிக் கட்டுரையா எழுதலாம் நீங்க."

சட்டையின் வெள்ளைக் கை அந்த நேரம் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த பிறகும் "தேங்க் யூ சார்" என்றுதான் சொன்னேன்.

பட்டம் பரிந்துரைக்கப்பட்டது. கைதட்டினார்கள். வராந்தாவில் முந்திரி பிஸ்கட்டும் டீயும். அக்கா சால்வையைப் போர்த்திவிட்டு, டீயை வாங்கிக்கொண்டு தூணோரம் நின்றார்.

"எந்தக் கூட்டம் ஜெசி?"

"என்னக்கா?"

"மலரு கூட்டத்துக்குப் போயி ரெண்டு வருசம் ஆச்சு. நீ கடைசியா கேள்வி கேட்டப்பவே போறதில்ல."

அக்கா டீயைத் தூணடியில் வைத்தார்.

"அந்தக் கோடையில பேச்சை நிறுத்திட்டா. நான் ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மாத்திரைய ஒழுங்கா சாப்புடல. புருசங்காரன் வந்து வேளாங்கண்ணியில கொண்டுபோயி ஒம்பது நாள் தங்க வச்சான். இப்ப சோறும் எறங்கல. போன வாரம்தான் பெரியாஸ்பத்திரியில சேத்துருக்கு. சுகன்யா காலேஜ் போகாம கூடவே கெடக்குது."

"எனக்கு ஏங்க்கா சொல்லல?"

"உன் வைவா முடியட்டும்னுதான்."

7.

பெரியாஸ்பத்திரியின் மனநல வார்டுக்கு நான் மாணவிகளைப் பயிற்சிக்குக் கூட்டிப் போவது வழக்கம். முதல் முறை போனபோது மலர்க்கொடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அடுத்தடுத்துப் போனேன். சிகிச்சை மெல்ல வேலை செய்தது. மூன்றாவது வாரம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நாலாவது வாரம் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பாஸாயிட்டீங்களா நர்சம்மா?"

"ஆயிட்டேன்."

"டாக்டராமே. சகாயமேரி சிஸ்டர் சொன்னாங்க."

"ஊசி போடாத டாக்டர்."

உதடு லேசாக விரிந்தது. நான் கேட்டேன்: "அன்னைக்கு ஏன் எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு சொன்னீங்க மலர்க்கொடி?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார், இது தெரியாதா என்பதுபோல.

"உங்க பரீட்சையாச்சே. இன்னும் அப்படியேதான் இருக்கேன்னு நான் சொன்னா உங்களுக்கு எப்படி மார்க் போடுவாங்க? நல்லாயிடுச்சுன்னு சொன்னாத்தானே."

எனக்கு மார்க் விழ வேண்டுமென்றால் அவர் குணமாகாமல் இருந்திருக்க வேண்டும். கன்ட்ரோல் குழுவின் வேலையே அதுதான். எட்டு வாரமும் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், நிறுத்தியவள் தேர வேண்டும் என்று தன் நோயை மறைத்துக்கொடுத்தார். அது எனக்கு எதிராகத்தான் போயிருக்கும் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து தென்கரைத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பெண்ணின் ஸ்கோரும் இறங்கியிருந்தது. எத்தனை பேர் உண்மையிலேயே தேறினார்கள், எத்தனை பேர் எனக்காகத் தேறினார்கள் என்று இப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கைடு மேடத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பேசினார். "இதை அப்பவே சொல்லியிருக்கணும் ஜெசிந்தா" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. ஆய்வேடு நூலகத்தில் நீல அட்டையோடு இருக்கிறது. பட்டியலில் சி-17க்கு நேராக அந்தப் பூஜ்யம் இருக்கிறது.

வேறு தாலுகாவில் கன்ட்ரோல் குழுவை எடுத்திருந்தாலும் அங்கேயும் ஒரு மலர்க்கொடி இருந்திருப்பார். அதை மறுக்கவில்லை. கன்ட்ரோல் குழு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. பதிவு செய்யப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த நிலையில் ஒருவரின் எண்ணை அடித்துவிட்டு அவரை உங்கள் நோயாளியாக எடுத்துக்கொள்வீர்கள் என்பதை, முதல் வீட்டின் கதவைத் தட்டுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். தேவைக்கு மேல் நாலு பேரைச் சேர்த்து வையுங்கள். அப்போதுதான் அந்த வரியை எழுதக் கை வரும். நான் இரண்டே பேரைத்தான் அதிகம் வைத்திருந்தேன்.

மலர்க்கொடி இப்போது வீட்டில் இருக்கிறார். மாத்திரை சாப்பிடுகிறார். சுகன்யா ஒரு வருடம் பிந்தி கும்பகோணத்தில் கல்லூரிக்குப் போகிறாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நான் வடகரைக்குப் போகிறேன். கையில் கோப்பு கிடையாது. போன சனிக்கிழமை வயலெங்கும் நடவு. சாலையிலிருந்தே அஞ்சலையின் குரல் கேட்டது. மலர்க்கொடி வாசலில் உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் நர்சம்மா. வாங்க, உள்ள வாங்க."

உள்ளே போனேன். உட்காருவதற்கு முன் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். சட்டை ஆணியில் இருந்தது. அதன் கையில் சேறு இல்லை.